எண்ணெய் தடவிய வில்

அந்தக் காந்தாரத்தை நினைத்தாலே ஸ்டெல்லாவுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். கரகரப்பிரியா ஆலாபனையில் நாலைந்து பிடிகள் போனதும் மேலே ஏறி, காந்தாரம் என்ற அந்த ஸ்வரத்தில் வந்து நிற்க வேண்டும். அன்றைக்கு அவளுக்கு ஜலதோஷம், காது அடைத்துக் கிடந்தது, விரல் ஒரு மயிரிழை கீழே விழுந்துவிட்டது. கச்சேரியாக இருந்தால் காற்றோடு போயிருக்கும். ஆனால் அவள் வாசித்தது குழுவை நடத்தும் ஜாஸ்பர் வீட்டு மாடியில், முட்டை அட்டை ஒட்டிய ரெக்கார்டிங் அறையில்.

"இன்னொரு தடவ எடுத்துடலாம் ஜாஸ்பர்" என்று அவள் சொன்னதற்கு, "யாருக்குக்கா தெரியப்போவுது" என்றான் அவன். யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷமாக அதே தப்புக் காந்தாரம் ஊர் ஊராக, மேடை மேடையாக, ஸ்பீக்கர் பெட்டி வழியாக அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

குழுவின் பெயர் 'பதினெட்டுத் தந்தி'. ஜாஸ்பரின் கிதாரில் ஆறு, குமரவேலின் மாண்டலினில் எட்டு, ஸ்டெல்லாவின் வயலினில் நாலு. மூன்று பேருமே வாசிப்பில் கை சுத்தமானவர்கள், வயிற்றெரிச்சலே அதுதான். ஸ்டெல்லா மாதா கோயில் பாடகர் குழுவில் நோட்டு பார்த்து வாசிக்கக் கற்றவள். பிறகு நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே அடுத்த பிளாக்கில் ஒரு பாட்டு டீச்சரிடம் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் சாய்த்து, சரளி வரிசையிலிருந்து மறுபடி தொடங்கியவள். குமரவேல் குறிஞ்சிப்பாடித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, தெம்மாங்கை மாண்டலினில் இழைத்தால் கேட்பவர்கள் வாய் மூடாது. ஜாஸ்பர் மட்டும் லேசுப்பட்டவனா? ராக் வாசிக்கிற அதே எலெக்ட்ரிக் கிதாரில் தந்தியை இழுத்து இழுத்து ஒரு வர்ணத்தைக் கமகத்தோடு கொண்டுவந்துவிடுவான். இப்படிப்பட்ட மூன்று பேர் சேர்ந்து மேடையில் வாயசைப்பது போலக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் ஆரம்பித்தது. ராக் பகுதி உச்சத்துக்குப் போகும்போது ஜாஸ்பரின் தந்தி பட்டென்று அறுந்தது, ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது, மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். அதை எவனோ செல்போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து ஜாஸ்பருக்கு நேரடி வாசிப்பு என்றாலே பயம். மூன்று பேரையும் மாடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தான். மேடையில் அதைப் போட்டுவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, சும்மா வாசிக்கிற மாதிரி நிற்பது. ட்ராக் ஷோ என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு.

ஸ்டெல்லாவால் சும்மா நிற்க முடியவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு திருவிழாவில், மைக் அணைந்திருந்தால் என்ன என்று நிஜமாகவே வாசித்துவிட்டாள். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து ஒரு வயலின், மேடையிலிருந்து ஒரு வயலின். அவள் சங்கதி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி போகும் என்பதால் இரண்டும் முட்டிக்கொண்டன. முன்வரிசைக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். ஜாஸ்பர் அதற்கப்புறம் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

இந்தச் சமயத்தில்தான் மலர்கொடியின் போன் வந்தது. புதுச்சேரிக்காரர், செல்லோ வாசிப்பவர், பெண்கள் மட்டுமே உள்ள ஒரு தந்திக் குழுவை நடத்துபவர். கீர்த்தனையும் வாசிப்பார்கள், கும்மியும் வாசிப்பார்கள், பெண்கள் எழுந்து நின்று ராக்கும் கிழிப்பார்கள். எல்லாம் கையால், எல்லாம் அந்த நிமிஷத்தில். அங்கே வயலினில் ஓர் இடம் காலி.

"உங்க வீடியோ ஒண்ணு பாத்தேன். காந்தாரம் கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார் அவர், வணக்கம் சொன்ன கையோடு.

ஸ்டெல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் காது! அந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்ற ஆசை அந்த நொடியில் அவளைப் பிடித்துக்கொண்டது.

"மத்ததெல்லாம் நல்லாருக்கு. ஆனா ரெக்கார்டிங்க வச்சி நான் யாரையும் எடுக்கறதில்லம்மா. கையில கேக்கணும். உங்களுக்கு எப்ப மேடை இருக்கு?"

பொங்கல் விழா இருந்தது. ஸ்டெல்லா குடியிருந்த பிளாக்கில் குடியிருப்போர் சங்கம் வருஷா வருஷம் நடத்துவது. ஸ்டெல்லா ஜாஸ்பரிடம் போய் நேருக்கு நேராகவே சொன்னாள்: மலர்கொடி வருகிறார், எனக்கு இந்த இடம் வேண்டும், அன்றைக்கு ட்ராக் கிடையாது, வாசிக்கிறோம்.

"கண்டிப்பாக்கா. உங்க வாழ்க்கை விஷயம் இது. மாதா மேல சத்தியமா அன்னிக்கு நேரடிதான்" என்றான் ஜாஸ்பர். அத்தனை சுலபமாகச் சத்தியம் செய்கிறவனை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவள் சந்தேகப்படவில்லை. வீட்டில் கணவர் கிறிஸ்துதாஸ் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாசித்துத் தள்ளினாள்.

விழா அன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால் ஷாமியானா கட்டிய ஒப்பனை இடம். பரதநாட்டியப் பிள்ளைகள் இருபது பேர் தலைக்கு எண்ணெய் வைத்து, ஜடை பின்னி, சலங்கை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் தேங்காய் எண்ணெய் வாசனை. ஸ்டெல்லா வயலினைச் சுருதி சேர்த்து, வில்முடி வழுக்காமல் தந்தியைப் பிடிக்க ரோசின் தடவி, இரண்டையும் வயலின் பெட்டிமேல் வைத்துவிட்டு மலர்கொடியைப் பார்க்க முன்பக்கம் போனாள். நரைத்த கிராப்புத் தலை, காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. மூன்றாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மேடையேறும் முன் வழக்கம்போல இன்னும் நாலு இழுப்பு ரோசின் தேய்த்தாள். ரோசின் கட்டியில் வில் ஏனோ சறுக்கிக்கொண்டு போனது. அறிவிப்பாளர் அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி வில்லை வைத்து இழுத்தாள்.

வயலின் ஒலித்தது. ஆனால் அவள் வயலின் ஒலிக்கவில்லை.

வில் தந்தியின் மேல் வழுவழுவென்று, சோப்பு போட்ட தரையில் கால் போகிற மாதிரி போனது. ஊமை. இன்னொரு முறை அழுத்தி இழுத்தாள். அதுவும் ஊமை. இரண்டு பக்கப் பெட்டிகளிலிருந்தும் கரகரப்பிரியா கம்பீரமாக வந்துகொண்டிருந்தது. ஒரு கணம் அவளுக்குத் தன் காதில்தான் கோளாறோ என்று தோன்றியது. அப்போது பிடிகள் மேலே ஏறி அந்த இடத்துக்கு வந்தன. தப்புக் காந்தாரம் இறங்கி விழுந்தது.

ஸ்டெல்லா கண்ணைத் திறந்து ஜாஸ்பரைப் பார்த்தாள். அவன் சிரித்த முகத்தோடு, 'கைய ஆட்டுங்க, கைய ஆட்டுங்க' என்று புருவத்தால் சொன்னான். குமரவேலைப் பார்த்தாள். அவன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். வில்லின் முடியை விரலால் தொட்டாள். பிசுக்கென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. நடனப் பிள்ளைகள் யாரும் இல்லாத மேடையில் தேங்காய் எண்ணெய் மணந்தது.

சினிமா ஷூட்டிங்கில் வயலின் தெரியாத நடிகர் கையில் கொடுக்கும்போது வில்லில் எண்ணெய் தடவிக் கொடுப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அவர்களுக்குத்தான் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவள் வில்லில், அதுவும் இன்றைக்கு, அதுவும் சத்தியம் செய்த வாயோடு! அந்த எண்ணெய் விரலில் பட்டதும் எச்சில் பட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. உடம்பெல்லாம் கூசியது.

வில்லை ஜமுக்காளத்தில் வைத்தாள். வயலினையும் மடியில் கிடத்தினாள். கை இரண்டையும் அதன்மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள்.

ஆலாபனை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது சலசலப்பு வரும், யாராவது எழுந்து கேட்பார்கள், திரை விழும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் அனுபவித்துத் தலையாட்டினார். அவருக்குப் பக்கத்திலிருந்த அம்மாள் தொடையில் தாளம் போட்டார். ஒருவர் செல்போனை நீட்டி, கையசைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஸ்டெல்லாவை நெருக்கமாக எடுத்தார். தெம்மாங்கு வந்தது, பின்பக்கம் விசில் பறந்தது. ராக் வந்தது, ஜாஸ்பர் துள்ளி முன்னால் வந்து அவளை மறைத்துக்கொண்டு, ஒலிக்காத கிதாரை வெறி வந்தவன் போல அடித்தான். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி ஆடினார்கள். வயலின் தனியாக உச்சத்தில் கதறி முடிந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது.

"பாத்தீங்களா நம்ம வயலின் மேடத்த! அவங்க கை அசையறதே தெரியல, அவ்ளோ வேகம்!" என்றார் அறிவிப்பாளர். கேலி இல்லை. மனதார.

ஸ்டெல்லா வயலினையும் வில்லையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கீழே இறங்கியதும் ஜாஸ்பர்தான் முதலில் பாய்ந்தான். "என்னக்கா இப்படி அசிங்கப்படுத்திட்டீங்க? நான் மட்டும் முன்னாடி வந்து மறைக்கலன்னா மானம் போயிருக்கும்."

"நானா அசிங்கப்படுத்தினேன்?" என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "வில்லுல என்ன தடவுன?"

"கிரீஸெல்லாம் இல்லக்கா. சுத்தமான தேங்கா எண்ணெதான்." ஏதோ பால் பாயசம் ஊற்றிய மாதிரி சொன்னான். "சங்கத்துல நெறைய பெரிய ஆளுங்க வராங்க. தந்தி கிந்தி அறுந்தா என்ன பண்றது? உங்ககிட்ட சொன்னா மேல்பட்டாம்பாக்கம் மாதிரி நீங்க கூடவே வாசிப்பீங்க. உங்க நல்லதுக்கும் சேத்துத்தான். அந்த மேடம் பெட்டியில கேட்டா போதாதா? அதுவும் நீங்க வாசிச்சதுதான?"

குமரவேல் தலையைச் சொறிந்தான். "அவன் தடவிகினு இருந்தப்ப வேணாம்னு நெனச்சேன்க்கா."

"நெனச்சியா? சொன்னியா?"

"நெனச்சேன்க்கா."

அவனை அடிப்பதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்த தம்பிகள் மாதிரி வீட்டில் உட்கார வைத்து அவள் சோறு போட்ட பிள்ளைகள் இந்த இரண்டு பேரும். ஒருத்தன் எண்ணெய் தடவினான், இன்னொருத்தன் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஷாமியானாத் துணியை விலக்கிக்கொண்டு மலர்கொடி வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஸ்டெல்லா கையிலிருந்த வில்லை வாங்கி முகர்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"நீ கைய எறக்கி வச்சிட்டு உக்காந்தே பாரு, அது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார். "ஆனா அதுக்காக எடம் குடுக்க முடியாதும்மா. சும்மா உக்காரத்தான் ஊர்ப்பட்ட ஆளு இருக்கே. நான் கேக்க வந்தேன், இன்னும் கேக்கல. ஆர்ச் கேட்டுல பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

ஸ்டெல்லா சுற்றுமுற்றும் பார்த்தாள். நடனப் பிள்ளைகளின் டீச்சரிடம் ஒரு ஷாம்பு பாக்கெட் இருந்தது. முடி உலர்த்தும் ட்ரையர் ஒன்றும் இருந்தது. இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்கு நடந்தாள். வில்லின் திருகைத் தளர்த்தினாள். மரத்தில் தண்ணீர் படாமல் முடியை மட்டும் நனைத்தாள்.

ஜாஸ்பர் பின்னாலேயே ஓடி வந்தான். "அக்கா, அக்கா, கழுவாதீங்க!"

அவள் திரும்பிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான், பாவம், என்று ஒரு நொடி நினைத்தும்விட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நெல்லிக்குப்பம் இருக்குல்ல, அதுவும் ட்ராக்குதான்க்கா. எதுக்குக் கழுவிட்டு மறுபடியும் தடவிகினு? அப்படியே இருக்கட்டும்."

ஸ்டெல்லா ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். அவன் கண்ணெதிரிலேயே நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தாள். இரண்டு முறை கழுவியும் எண்ணெய் போகவில்லை, மூன்றாவது முறை தேய்த்தாள். "அப்ப நெல்லிக்குப்பத்துக்கு என்னக்கா பண்றது?" என்று அவன் அழாத குறையாகக் கேட்டான்.

"ட்ராக்கு உன்கிட்டதான இருக்கு? பொடவ கட்டின ஒருத்திய நிக்க வச்சிக்கோ. நான் எதுக்கு?" என்றாள். எரிச்சலில் சொன்னது. அவன் யோசனையாகத் தலையாட்டியதை அவள் கவனிக்கவில்லை.

ட்ரையரில் முடி காய்ந்தது. ரோசின் கட்டியின் மேல்பக்கமும் எண்ணெய் ஏறிப் பாழாகியிருந்தது. சிமெண்டுப் படியில் ஓங்கித் தட்டி உடைத்து, உடைந்த புதுப் பக்கத்தில் தேய்த்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மலர்கொடி உட்கார்ந்தார். எதிரே தரையில் ஸ்டெல்லா உட்கார்ந்தாள்.

முதல் இழுப்பு தகரத்தைச் சுரண்டியது போலத்தான் வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் முடி தந்தியைப் பிடித்தது. கரகரப்பிரியா வந்தது. காந்தாரத்தை நோக்கிப் பிடிபிடியாகப் போனாள். ஏறினாள், நின்றாள். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது காந்தாரம். மலர்கொடியின் தலை லேசாக அசைந்தது. அங்கிருந்து தெம்மாங்குக்குத் தாவினாள், பிறகு எழுந்து நின்று வயலினைத் தோளில் ஏற்றி, வில்லின் அடிப்பக்கத்தை அழுத்தி ராக்குக்குள் இறங்கினாள். அந்த ஒரு சாயங்காலத்தில் முதன்முதலாக யாரோ கையால் வாசித்த சத்தம் அந்த இடத்தில் கேட்டது.

ஷாமியானா விலகியது. சங்கச் செயலாளர் கொளஞ்சிநாதன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரும்மா இங்க வயலின கத்த வுட்டுகினு இருக்கறது? மேடையில தலைவர் பேசிகினு இருக்காரு. சத்தத்த நிறுத்துங்க. மேடையில எவ்ளோ அழகா வாசிச்சிட்டு, இங்க வந்து ஏம்மா இப்படி?"

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரத்தில் வில்லை இன்னும் அழுத்தி இழுத்தாள். மலர்கொடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செயலாளருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"நிறுத்தாத. முடிச்சிட்டு நிறுத்து" என்றார்.

முடித்தாள். மலர்கொடி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வலது கையில இன்னும் கோவம் ஜாஸ்தி. அத வேலைக்கு வச்சிக்கலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில புதுச்சேரிக்கு வந்துடு."

வந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குக்கூடப் போகாமல் முதல் பஸ் பிடித்துப் போனாள். நாளெல்லாம் வாசித்தார்கள். தப்பு விட்டால் அங்கே பதினோரு தலைகள் திரும்பின. ஒவ்வொரு தலை திரும்பும்போதும் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தோள்பட்டை வலியோடு வீடு திரும்பியபோது, வெகுநாள் கழித்துத் தன் உடம்பைத் தானே குளிப்பாட்டிய மாதிரி உணர்ந்தாள்.

மறுநாள் காலை பால் பூத்தில் சகாயமேரி பிடித்துக்கொண்டாள். அடுத்த வரிசைக் குவார்ட்டர்ஸ், கோயிலில் பாடகர் குழுவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்காக ஸ்டெல்லா வாசிப்பதைக் கேட்பவள்.

"ஏண்டி ஸ்டெல்லா, கோயிலுக்கு வரலியேன்னு பாத்தா நெல்லிக்குப்பத்துல ப்ரோகிராமா? நேத்து எங்கம்மா வூட்டுக்குப் போயிருந்தேன். பாத்தேன், பாத்தேன். கூட்டத்துல கிட்ட வர முடியல. என்னா வாசிப்பு!"

"நான் புதுச்சேரி போயிருந்தேன் மேரியக்கா. அது நான் இல்ல."

"சும்மா இருடி" என்று சகாயமேரி செல்போனை எடுத்து முன்னால் நீட்டினாள். மேடையில் ஜாஸ்பர் குதித்துக்கொண்டிருந்தான். குமரவேல் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் பட்டுப்புடவையில், பூ வைத்த ஒரு சின்னப் பெண், வயலினை வலது தோளில் வைத்து, வில்லை இடது கையில் பிடித்து, தோசைக்கு மாவு தேய்க்கிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் எளச்சிட்ட. வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள் சகாயமேரி கரிசனமாக.

"அக்கா, முகத்தப் பாருங்க. அது நானா?"

சகாயமேரி முகத்தைப் பார்க்கவில்லை. போனைக் காதோரம் கொண்டுபோய்ச் சிரித்தாள்.

"மூஞ்சிய எதுக்குடி பாக்கணும்? ஒன் வாசிப்பு எனக்குத் தெரியாதா?"

போனிலிருந்து கரகரப்பிரியா ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா பால் பாக்கெட்டோடு வேகமாக நடந்தாள். பூத்தைத் தாண்டுவதற்குள் அந்தக் காந்தாரம் இறங்கி விழுந்தது.